வேகவைத்துக் கொட்டிய தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

வேகவைத்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்ட பிறகு காயில் என்னதான் மிச்சம் இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம். கேட்கப் பிடிக்கவில்லை.

இந்தச் சமையலறையில் இத்தனை வருஷமாக ஒரு சொட்டு வீணானதில்லை. கேரட் வெந்த தண்ணீர் சூப்புக்கு. கீரை வெந்த தண்ணீர் மாவு பிசைய. சத்தெல்லாம் தண்ணீரில்தான் இருக்கிறது என்று அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் நான் எடுத்த வகுப்புக்குப் பயந்து இரண்டு பேர் வேறு மேஜைக்கே போய்விட்டார்கள். இன்று அதே கேரட்டைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் போனது. வீட்டிலேயே நல்ல சாப்பாடு சாப்பிடுவது இப்போது கழிவுநீர்க் குழாய்தான்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பாதிகூட வேலை செய்யவில்லை. பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. கூடிக்கொண்டே போனால் இதயம் நின்றுபோகலாம் என்று டாக்டர் சொன்னார், வானிலை சொல்வதுபோல. அதனால் கீரை கூடாது. தக்காளி, வாழைப்பழம், பருப்பு, கொட்டைகள், தவிடு நீக்காத அரிசி, எதுவும் கூடாது. நல்லது என்று நம்பி நான் கண்ணாடி ஜாடிகளில் அடுக்கி வைத்திருப்பதெல்லாம் அவனுக்கு விஷம். வெள்ளை ரொட்டி நல்லதாம். உலகம் தலைகீழாக நிற்கிறது, நடுவில் நான் கரண்டியோடு.

அண்ணி வெளிநாட்டில் மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், திரும்ப மூன்று மாதம் ஆகும், அதுவரை அண்ணன் என் வீட்டில். கிளம்பும்போது சொன்னாள்: "நீ படிச்சவ, தனியா இருக்கிறவ, பார்த்துப் பார்த்துச் செய்வே. ஆனா அவர நம்பிடாதே. பூனைய பாலுக்குக் காவல் வெச்ச கதைதான்."

நம்பாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வதில் எது பொய் என்று பார்ப்பதுதான் என் வேலை.

மார்ச் 4, புதன்

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். சின்னப் பெண், குச்சி மாதிரி இருக்கிறாள். தான் சொல்லும் சாப்பாட்டைத் தானே சாப்பிடுகிறாளா என்று சந்தேகமாக இருந்தது.

"உப்பு எவ்வளவு போடறீங்க மேடம்?"

"நாள் முழுக்கச் சின்ன ஸ்பூனால ஒண்ணு. அளந்துதான்."

"சூப்பர். எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இருக்காது."

நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

அண்ணன் கேட்டான்: "எது சாப்பிட்டாலும் கசக்குதும்மா. அதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?"

"இந்த நோயில வாய் அப்படித்தான் சார் இருக்கும். இரும்பை நக்கின மாதிரி."

"நான் லிஃப்ட் மெக்கானிக்கும்மா. ஸ்க்ரூவ வாயில கடிச்சுக்கிட்டே காலத்த ஓட்டினவன். இரும்பு ருசி எனக்குத் தெரியும். இது அது இல்ல."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வியாழன்தோறும் ரத்தப் பரிசோதனை. பொட்டாசிய எண் ஏறிக்கொண்டே போனால் கழுத்தில் குழாய் போட்டு வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்க வேண்டும். அண்ணன் வெளியே வந்து சொன்னது: "மெஷின நான் ரிப்பேர் பண்ணலாம். அது என்னை ரிப்பேர் பண்றதாவது." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் வழியெல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தான்.

மார்ச் 6, வெள்ளி

நேற்றைய எண் வரம்புக்குச் சற்று மேலே. "சாப்பாட்டுல பார்த்துக்கலாம்" என்றார் டாக்டர். சரி, பார்த்துக்கொள்கிறேன்.

காலையில் முட்டை வெள்ளைக்கரு, வெங்காயம் வதக்கிப் போட்டு. மதியம் வெள்ளைச் சோறு, முட்டைக்கோஸ், அவனுக்கென்று ஒரு துண்டு மீன், எலுமிச்சை சில சொட்டு, மிளகு. மாலையில் ஆப்பிள் பாதி. பூண்டையும் இஞ்சியையும் நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

"எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரிச் சுவரைச் சுரண்டிப் போட்ட மாதிரி இருக்கு. நல்லாருக்குன்னுதான் சொல்றேன், முறைக்காதே இன்ஸ்பெக்டர்."

என்னை அப்படித்தான் கூப்பிடுவான், நான் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து. சப்பென்று இருக்கிறது என்பது அவன் புகார், கசக்கிறது என்பதும் அவன் புகார். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? பாவமாக இருந்தது. உப்பு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சோற்றின் மேல் தூவினேன். என் ரத்த அழுத்தத்துக்காக நான் வருஷக்கணக்கில் வாங்கும் உப்பு, சோடியம் குறைத்தது. கொஞ்சம் கூடினாலும் கெடுதல் இல்லை.

இனிமேல் தினமும் அந்த ஒரு சிட்டிகை அவனுக்கு உண்டு. வாழ்க்கையில் ஏதாவது சலுகை வேண்டாமா?

மார்ச் 8, ஞாயிறு

எலுமிச்சை தீர்ந்துவிட்டது. வாசல் கடை ஞாயிறு பூட்டு. பெரிய சாலை வரை நடந்து போய் வாங்கி வந்தேன். திரும்பி வந்தால் அண்ணன் வீட்டில் இல்லை.

கட்டட லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று நின்று போகிறது. அதன் சத்தம் கேட்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. காவலாளியைச் சிநேகம் பிடித்து, சாவி வாங்கி, மதியம் ஆனால் கீழே போய்விடுகிறான். சமையலறை ஜன்னலில் நின்றால் வாசலும் கடையும் தெரியும். கடையின் முன்னால் வாழைப்பழச் சீப்புகள் தொங்குவதும் தெரியும்.

நான் ஜன்னலில் நிற்பதற்கு அது காரணமில்லை. வெளிச்சத்தில்தான் காய் நறுக்க முடியும்.

மார்ச் 10, செவ்வாய்

இரவு சரியாகச் சாப்பிடவில்லை. "பசிக்கல." ஏன் பசிக்கவில்லை? வெளியே வேறு எதையாவது சாப்பிட்டால் பசிக்காது.

காவலாளியின் மேஜைக்குக் கீழே குப்பைக்கூடையில் வாழைப்பழத் தோல் பார்த்தேன். காவலாளி தின்றிருக்கலாம்.

தின்றிருக்கலாம்.

ஜாடிகளையெல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினேன். துடைக்க ஒன்றுமில்லை, போன வாரம்தான் துடைத்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 12, வியாழன்

எண் ஏறியிருக்கிறது. கொஞ்சநஞ்சமில்லை. டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "வீட்டுச் சாப்பாடுதானே?" "வீட்டுச் சாப்பாடு மட்டும்தான்." "அப்போ இவ்வளவு ஏறக் கூடாதே." குடிக்க ஒரு பவுடர் எழுதிக் கொடுத்தார். இன்னும் ஒரு வாரம், அதிலும் இறங்கவில்லை என்றால் குழாய் போட நாள் குறிப்பார்களாம்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன்.

"கீழ போய் என்ன சாப்பிட்டே?"

"என்ன சாப்பிட்டேன்? கிரீஸ் சாப்பிட்டேன்."

"விளையாடாதே அண்ணா. நான் காயைத் தோல் சீவி, ஊற வெச்சு, ரெண்டு தடவை கொட்டி— எனக்கு வேற வேலை இல்லையா? என் சாப்பாட்டுல ஏறாது. ஏற வழியே இல்ல. அப்போ எங்க இருந்து வந்துச்சு?"

அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு, "சரி. வாழைப்பழம்" என்றான்.

"எப்போ?"

"ஞாயித்துக்கிழம. வாசல் கடையில. ரெண்டு."

எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அண்ணி சொன்னது சரி, நான் நினைத்தது சரி, என் சமையலில் குறை இல்லை. அந்த நிம்மதியில் வாய் நீண்டுவிட்டது: "உன்னை மாதிரி ஆளுங்க சொல்ற கதையத்தான் நான் தினம் தினம் கிழிச்சுப் போடறேன்."

"தெரியும் இன்ஸ்பெக்டர்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணி போனில்: "நான் சொன்னேனா இல்லையா?" பின்னால் குழந்தை அழுதது. "அவருக்குக் கட்டிப் போட்டாத்தான் புத்தி வரும். பாவம் நீ." பாவம் நான் என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

அவன் கீழே போவதில்லை. நான் சொல்லவில்லை, அவனாகவே. லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று இழுக்கும்போது தலையை மட்டும் நிமிர்த்திக் கேட்கிறான், பிறகு குனிந்துகொள்கிறான். என் கண் படும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், சமையலறை வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு. காவல் இருக்க வசதியாக.

வைத்ததைச் சாப்பிடுகிறான். சுவர், சுரண்டல் என்று எதுவும் சொல்வதில்லை. குறை சொல்லாத மனுஷனுக்கு எப்படிச் சமைப்பது?

உப்புச் சிட்டிகையை நிறுத்தவில்லை. கோபம் கோபத்தோடு, சாப்பாடு சாப்பாட்டோடு.

மார்ச் 16, திங்கள்

காலில் வலுவில்லை என்கிறான். கூடத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். வயது என்றான். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவன்.

ஒருவேளை நான் அலுவலகம் போன பிறகு சாப்பிடுகிறானோ? எதை? வீட்டில் ஆப்பிளைத் தவிர வேறு பழமே இல்லை. மற்றதையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேனே.

மூன்று தடவை பரிசோதித்துப் பார்த்த சமையல், ஒப்புக்கொண்ட ஆள், பொருந்துகிற காரணம். அலுவலகத்தில் இதை எப்போதோ முடித்துக் கோப்பைக் கட்டியிருப்பேன். ஏன் கட்ட முடியவில்லை?

மார்ச் 18, புதன்

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

காலையிலிருந்து தொண்டை வலி. அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்தேன். வெந்நீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளித்தேன், வழக்கமாகப் போடுவதைவிட அதிகம். கசந்தது. உப்புக் கரிப்பு முன்னால் வந்தது, அதன் பின்னாலேயே ஒரு கசப்பு, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தொண்டையில்தானே கோளாறு, சிறுநீரகத்தில் இல்லையே? எனக்கு ஏன் கசக்க வேண்டும்?

ஜாடியிலிருந்து விரலால் தொட்டு வெறும் உப்பை நாக்கில் வைத்தேன். இரும்பு ருசி இல்லை. அவன் சொன்னானே, இது அது இல்லை என்று.

ஜாடியில் என் கையெழுத்தில் 'உப்பு' என்று ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அலமாரியின் மேல்தட்டில் பிரிக்காத பாக்கெட் ஒன்று இருந்தது. முன்பக்கம் பெரிதாக: சோடியம் குறைந்தது, இதயத்துக்கு நல்லது. பின்பக்கம் திருப்பினேன். முதல் பொருள் சோடியம் குளோரைடு. இரண்டாவது பொட்டாசியம் குளோரைடு. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டாலும் கண் வலிக்கிற எழுத்தில், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

சோடியத்தைக் குறைத்தார்கள் என்றால் குறைத்த இடத்தில் எதை வைத்தார்கள்? எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்கிற நான் இத்தனை வருஷத்தில் இதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காயிலிருந்து ஊறவைத்து, வேகவைத்து, கொட்டிக் கொட்டி எடுத்ததை, சிட்டிகை சிட்டிகையாக நானே அவன் தட்டில் தூவியிருக்கிறேன். அதுவும் சலுகை என்று. ஐயோ, என்ன பொம்பளை நான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸ் பதறவில்லை. "அதை உடனே நிறுத்துங்க. மூச்சு வாங்குதா? நெஞ்சு படபடப்பு இருக்கா? இல்லேன்னா காலையில முதல் ஆளா வந்துடுங்க. இருந்தா இப்பவே கிளம்புங்க." அண்ணனிடம் போய்க் கேட்டேன், நெஞ்சு படபடக்கிறதா என்று. "உன்னைப் பார்த்தா படபடக்குது. ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" தொண்டை வலி என்றேன்.

இரவுச் சாப்பாட்டில் உப்பே போடவில்லை. எலுமிச்சை, மிளகு, பூண்டு. ஒரு வாய் வைத்தவன் கொஞ்சம் நிறுத்தி மென்றான்.

"இன்னைக்குக் கசக்கல."

இத்தனை நாளுக்குப் பிறகு சாப்பாட்டைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை. நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எழுதி முடித்து மேலே புரட்டிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, வாசல் கடை. ஞாயிறு அந்தக் கடை பூட்டு. எட்டாம் தேதி நானே எழுதியிருக்கிறேன். இதைவிடச் சின்ன ஓட்டையை வைத்து எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அப்படியானால் ஏன் அவன் அப்படிச் சொன்னான்?

மார்ச் 19, வியாழன்

எண் இன்னும் மேலே. நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள், கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள், மாலை வரை படுக்க வைத்தார்கள். டாக்டரிடம் பாக்கெட்டை நீட்டினேன். பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "இதுல நீங்க தனி ஆள் இல்ல" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையோ. "இதை நிறுத்திட்டு ஒரு வாரம் பார்ப்போம். குழாய் விஷயம் அதுக்கப்புறம்."

கட்டில் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு அண்ணனிடம் சொன்னேன். நேராகச் சொன்னேன், சுற்றி வளைக்கவில்லை. உப்புதான், என் உப்பு, நான்தான்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் அப்பவே சொன்னேன், இரும்பு இல்லேன்னு."

"நீ வாழைப்பழம் சாப்பிடவே இல்லையே?"

"இல்ல."

"அப்புறம் ஏன் சாப்பிட்டேன்னே?"

"நீ ஒத்தக் கால்ல நின்னு சமைக்கிறே. கோளாறு சாப்பாட்டுலதான்னு ஆனா நீ தூங்குவியா? வாழைப்பழத்துலன்னா என்னைத் திட்டிட்டுப் படுத்துடுவே. எவ்வளவோ திட்டு வாங்கியாச்சு, இது ஒண்ணு கூட."

"லூசா நீ? பொய் சொல்லாம இருந்திருந்தா நான் அப்பவே தேடியிருப்பேனே. உசிரு போயிருந்தா?"

"போகலையே."

"கடை ஞாயித்துக்கிழம லீவு. பொய்யாவது ஒழுங்காச் சொல்லத் தெரியுதா?"

"நீ கண்டுபிடிக்கலையே இன்ஸ்பெக்டர்."

பக்கத்துக் கட்டில்காரர் போர்வைக்குள் குலுங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்பு என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் யாரும் பேசிப் பழகாதது, அதுவும் வரவில்லை. ஊசி போட்ட கையை நகர்த்தி வைப்பதுபோலப் பிடித்துக்கொண்டேன். அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 20, வெள்ளி

அண்ணியிடம் போனில் சொன்னேன். "அவர் கசக்குதுன்னு சொன்னாரே, போன்ல என்கிட்டயும் சொன்னாரே" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 22, ஞாயிறு

பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன். மற்ற ஜாடிகளையெல்லாம் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. எல்லாம் எனக்குத் தெரிந்தவை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் திறந்து ருசி பார்த்தேன், சர்க்கரை உட்பட. பைத்தியம்.

மார்ச் 25, புதன்

நாளைக்கு எண் வரும். காலையிலிருந்து உட்காரவில்லை. அலுவலகத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று தடவை படித்து, மூன்று தடவையும் அந்த ஆள் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று தோன்றிவிட்டது. இப்படியே போனால் வேலை போய்விடும்.

நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எண் இறங்கியிருக்காது. உப்பு மட்டும் காரணமில்லை என்பார் டாக்டர், சிறுநீரகம் இன்னும் கெட்டுவிட்டது என்பார். இந்த மூன்று வாரம் கெடுத்ததா, அதற்கு முன்பே கெட்டதா என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியாது. குழாய்க்கு நாள் குறிப்பார்கள். அண்ணன் ஏதாவது ஜோக் சொல்வான், எனக்காக. அண்ணி அடுத்த விமானம் பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போவாள், என்னை ஒரு வார்த்தை சொல்லாமல். அந்த ஒரு வார்த்தை சொல்லாததோடு நான் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும்.

அவன் தூங்குகிறான். மூச்சு சீராக இருக்கிறது. இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

நடந்தது இது.

எண் இறங்கியிருக்கிறது, வரம்புக்குள். டாக்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் இரண்டு தடவை படித்தேன். பெயரைச் சரிபார்த்தேன், தேதியைச் சரிபார்த்தேன். "உங்க அண்ணன்தான் மேடம்" என்றார். சிறுநீரகம் அப்படியேதான் இருக்கிறது, இனி நன்றாக ஆகப்போவதில்லை, மெஷின் ஒருநாள் வரத்தான் செய்யும். இப்போது இல்லை. அடுத்த மாதம் வந்தால் போதுமாம்.

அண்ணன் ஜோக் எதுவும் சொல்லவில்லை. சட்டைக் காலரை இழுத்துக் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டான், வேர்க்கிற வெயிலில்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டு அவனே சொன்னான்: "எல்லாம் சரியாப் போச்சு. உன் நாத்தனார் சமையல் மட்டும் இன்னும் சரியாகல." அவள் அங்கே அழுதுகொண்டே என்னவோ திட்டினாள். போனை என்னிடம் கொடுத்தான். எனக்கும் பங்கு கிடைத்தது, நன்றாகவே. கேட்டுக்கொண்டு நின்றேன். தேவலை.

மதியம் கேரட். தோல் சீவி, ஊறவைத்து, வேகவைத்து, கொட்டினேன். எனக்குத் தனியாகச் செய்யவில்லை, அதையே நானும் சாப்பிட்டேன், பூண்டும் மிளகும் போட்டு, உப்பில்லாமல். கொஞ்சம் இனிப்பாக இருந்தது. இத்தனை தண்ணீர் கொட்டியும் கேரட் கேரட்டாகத்தான் இருந்தது. சத்து எவ்வளவு மிச்சம் என்று இன்னமும் தெரியவில்லை.

சாப்பிட்டு முடிக்கும்போது லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று இழுத்தது. அவன் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான்.

"போயிட்டு வரேன்."

"ம்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் எழுந்து சமையலறை ஜன்னலுக்குப் போனேன். திரையை இழுத்து மூடிவிட்டு வந்து பாத்திரம் துலக்கினேன்.